இடியாதது, இடிந்தது, திரும்பக் கட்டியது: ரைன் கோட்டைகளைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் கோட்டை பார்க்கப் போகிறேன் என்றாலே, "நொய்ஷ்வான்ஷ்டைனா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். நாட்காட்டிகளில் மலைப் பின்னணியோடு நிற்கும் அந்த வெள்ளை மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது 1869இல். அதைக் கட்டிய பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1886இல் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில், எந்தப் பகைவனையும் எதிர்பார்க்காமல் எழுப்பிய கனவு அது. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுங்கம் வசூலித்த, முற்றுகையைத் தாங்கிய, வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்ட கோட்டைகளைப் பார்க்க வேண்டுமானால் பவேரியாவை விட்டு மேற்கே ரைன் நதிக்கு வர வேண்டும்.

பிங்கன், ரூடஸ்ஹைம் ஊர்களிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர் தூரத்துக்கு ரைன் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் வளைந்து ஓடுகிறது. இரு கரைகளிலும் செங்குத்தான திராட்சைச் சரிவுகள். அவற்றின் மேல் நாற்பதுக்கு அருகில் கோட்டைகளும் இடிபாடுகளும். யுனெஸ்கோ 2002இல் இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நாற்பதையும் பார்க்க நினைக்காதீர்கள். நான்கைந்து போதும். ஆனால் அவற்றை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம்: முதலில் ஒருபோதும் இடியாத கோட்டை, அடுத்து இடிந்த கோட்டை, அதன் பிறகு இடிந்ததைத் திரும்பக் கட்டிய கோட்டை. முழுமையாக நிற்கும் சமையலறையை முதல் நாள் பார்த்தவருக்குத்தான் மறுநாள் கூரையில்லாத சுவரில் கரிபடிந்த புகைப்போக்கி கண்ணில் படும். வரிசை மாறினால் எல்லா இடிபாடும் கற்குவியலாகவே தோன்றும்.

1. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை நல்ல காலம். மே, ஜூன் மாதங்களில் பகல் நீளம். இருட்ட ஒன்பது மணியைத் தாண்டிவிடும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் திராட்சை அறுவடை. மலைச்சரிவுகள் மஞ்சளாகும், ஆனால் வார இறுதிகளில் அறை கிடைப்பது கடினம். குளிர்காலத்தில் பல கோட்டைகள் மூடிவிடும், படகுப் போக்குவரத்தும் பெரும்பாலும் நின்றுவிடும். பருவத்துக்குள்ளேயே வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, பல இடங்களுக்கு விடுமுறை. மூடும் நேரத்துக்கு முக்கால் அல்லது ஒரு மணி நேரம் முன்பே கடைசி அனுமதி முடிந்துவிடுவதும் உண்டு. மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தால் நான்குக்குள் வாசலில் இருங்கள்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனி முழுவதும் திறந்த நினைவுச்சின்னங்களின் நாள். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் பலவும் அன்று திறந்திருக்கும், பெரும்பாலும் இலவசமாக. தேதியைப் பொருத்த முடிந்தால் பொருத்திக்கொள்ளுங்கள்.

2029இல் நாட்டின் பெரிய தோட்டக்கலைக் கண்காட்சி இந்தப் பள்ளத்தாக்கில்தான் நடக்கவிருக்கிறது. அதற்கான பணிகளால் சில இடங்களில் சாரமும் வேலியும் இருக்கும், சில பகுதிகள் மூடியிருக்கும். எந்தக் கோட்டைக்குப் புறப்பட்டாலும் முதல் நாள் இரவே அதன் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

2. ஒரே ஊரில் தங்குங்கள்

தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி மாறுவது வீண். பாகராக், சாங்க்ட் கோவார், பொப்பார்ட் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுமே இடதுகரை ஊர்கள், மூன்றிலும் ரயில் நிலையமும் படகுத்துறையும் உண்டு. அழகு என்றால் பாகராக்: மரச்சட்ட வீடுகள், நகர மதில், மேலே ஷ்டால்எக் கோட்டை. ஷ்டால்எக் இன்று இளையோர் விடுதி. 1689இல் பிரெஞ்சுப் படை அழித்த கோட்டையை இருபதாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டி விடுதியாக்கினார்கள். உறுப்பினர் அட்டை எடுத்தால் எந்த வயதினரும் தங்கலாம். ஆனால் பெட்டியோடு மலையேற வேண்டும். கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஓபர்வேசல் ஊரின் மேலே ஷோன்புர்க் கோட்டை விடுதி இருக்கிறது.

விளம்பரப் படங்கள் சொல்லாத ஒரு விஷயம்: ஆற்றின் இரு கரையிலும் ரயில் பாதைகள் உள்ளன, இரவு முழுவதும் சரக்கு ரயில்கள் ஓடுகின்றன. பள்ளத்தாக்கு அந்த ஓசையை வாங்கி எதிரொலிக்கும். "ஆற்றைப் பார்த்த அறை" என்றால் பெரும்பாலும் தண்டவாளத்தைப் பார்த்த அறை. உறக்கம் முக்கியமென்றால் பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள்.

3. டிக்கெட், ரயில், படகு

கார் தேவையில்லை. மலைக்கிராமங்களின் சாலைகள் குறுகல், ஆற்றங்கரை ஊர்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பதும் சிரமம்.

பல நாள் பயணமானால் டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒரு வழி. இது மாதச் சந்தா. பிராந்திய ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும், அதிவேக ரயில்களுக்குச் செல்லாது. 2023இல் 49 யூரோவாகத் தொடங்கி, 2025இல் 58 ஆகி, 2026இல் 63 யூரோவை எட்டியிருக்கிறது. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். குடும்பமாகவோ நண்பர்களாகவோ ஓரிரு நாள் மட்டும் சுற்றுவதானால் ரைன்லாண்ட்-ப்ஃபால்ஸ் மாநிலத்தின் ஒருநாள் டிக்கெட் மலிவு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வேலைநாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் அது செல்லும்.

மைன்ஸ் நகரிலிருந்து கோப்லென்ஸ் செல்லும் இடதுகரை ரயிலில் ஏறினால் வலப்பக்க ஜன்னலில் அமருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான். சிறிய நிலையங்களில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். வலதுகரைப் பாதையில் பெரிய புதுப்பிப்புப் பணிகள் திட்டமிடப்பட்டுள்ளன. பணி நடக்கும் காலத்தில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும் என்பதால் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

திட்டமிடும்போது பலரும் கவனிக்காதது, இந்தப் பள்ளத்தாக்கில் பாலமே இல்லை என்பது. மைன்ஸை விட்டால் கோப்லென்ஸ் வரை ஆற்றைக் கடக்க பரிசல்துறைதான். பிங்கன், நீடர்ஹைம்பாக், கௌப், சாங்க்ட் கோவார், பொப்பார்ட் ஆகிய இடங்களில் கார்களையும் ஏற்றும் பெரிய படகுகள் கரைக்குக் கரை போய்வருகின்றன. வரைபடத்தில் எதிரே தெரியும் கோட்டைக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தெரியாமல் கிளம்பாதீர்கள்.

உல்லாசப் படகு ஒரு முறை போதும். பாகராக்கில் ஏறி சாங்க்ட் கோவாரில் இறங்குங்கள். அந்தத் திசையில் ஆற்றோட்டத்தோடு போவதால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வழியில் ஆற்று நடுவே ப்ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் சுங்கக் கோட்டை, ஷோன்புர்க், லோரலை பாறை, காட்ஸ் கோட்டை எல்லாம் தெரியும். காட்ஸ் தனியார் சொத்து. உள்ளே விட மாட்டார்கள். கீழிருந்து பார்ப்பதுதான்.

4. முதல் கோட்டை: மார்க்ஸ்புர்க்

வலதுகரையில் பிரௌபாக் ஊருக்கு மேலே நிற்கிறது மார்க்ஸ்புர்க். பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே அழிவையே காணாத ஒரே மலைக்கோட்டை இது. 1283இல் கட்சனெல்ன்போகன் பிரபுக்களின் கைக்கு வந்தது. பின்னாளில் சிறைச்சாலையாகவும் இருந்தது. 1900இல் இதை வாங்கிய ஜெர்மன் கோட்டைகள் சங்கம் இன்றும் இங்கேதான் தலைமையகம் வைத்திருக்கிறது. ஜப்பானின் மியாகோ தீவில் இதன் நகல் ஒன்றையே கட்டியிருக்கிறார்கள்.

நிலையத்திலிருந்து நடந்து ஏற அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். சுற்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலான சுற்றுகள் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலச் சுற்றின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அதற்கேற்ப ரயிலைத் தேர்ந்தெடுங்கள். தட்டையான, வழுக்காத காலணி அவசியம். வாசலைத் தாண்டியதும் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய கரடுமுரடான படிகள் வரும்.

சித்திரவதைக் கருவிகள் இருக்கும் அறையில்தான் கூட்டம் அப்பும். அதை விட்டுவிடலாம். சமையலறையில் நில்லுங்கள். ஆள் நிற்கும் அளவுக்கு அகன்ற அடுப்பு, அதன் மேல் குவிந்து எழும் புகைப்போக்கி, சுவருக்குள் செருகிய உத்திரங்கள், ஜன்னலுக்குள் சுவரின் கனத்திலேயே குடைந்த கல்லிருக்கைகள் ஆகியவற்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு அருகே சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் சிறு கூண்டு கழிப்பறை. கழிவு நேராக மலைச்சரிவில் விழும். இவை அத்தனையும் நாளைக்குத் தேவைப்படும்.

5. இரண்டாம் கோட்டை: ரைன்ஃபெல்ஸ் இடிபாடு

பயணத்தின் நடுநாயகம் இதுதான். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

1245இல் ஐந்தாம் டீதர் என்ற கட்சனெல்ன்போகன் பிரபு சாங்க்ட் கோவாருக்கு மேலே இதைக் கட்டத் தொடங்கினார். நோக்கம் சுங்கம். கீழே போகும் ஒவ்வொரு படகும் பணம் கொடுத்தாக வேண்டும். அவர் சுங்கத்தை உயர்த்தியதும் ரைன் நகரங்கள் கூட்டணி அமைத்து 1255இல் முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேலாகியும் கோட்டை விழவில்லை. பிரபுக்களின் ஆண் வாரிசு 1479இல் அற்றுப்போனதும் ஹெஸ்ஸன் அரசுக்கு வந்தது. 1692இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை, சுமார் 28,000 பேர், சூழ்ந்தபோதும் தாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் இதே போரில் பள்ளத்தாக்கின் கோட்டைகள் பலவற்றைப் பிரெஞ்சுப் படை தகர்த்திருந்தது. அத்தனையும் தாங்கிய கோட்டை 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் ஒரு குண்டும் வெடிக்காமல் சரணடைந்தது! 1796, 1797இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிறகு கல்குவாரி ஆயிற்று. இங்கிருந்து போன கற்கள் கோப்லென்ஸ் எதிரே 1817 முதல் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா கட்டிய ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டையில் இருக்கின்றன. 1843இல் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம், பின்னாளின் பேரரசர், வாங்கிய பிறகுதான் எஞ்சியது பிழைத்தது.

சாங்க்ட் கோவாரிலிருந்து இருபது நிமிட ஏற்றம். உள்ளே நுழைந்ததும் திசைபுரியாது, அவ்வளவு பெரியது. வளாகத்து அருங்காட்சியகம் திறந்திருந்தால் முதலில் அங்கே போய்க் கோட்டை முழுமையாக இருந்த நாளின் மாதிரியைப் பாருங்கள். பிறகு சுவர்களைப் படிக்கத் தொடங்கலாம்.

சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால் அங்கே ஒரு தளம் இருந்தது. குழிகளில் உத்திரங்கள் செருகியிருந்தன. வரிசைகளை எண்ணினால் எத்தனை மாடி என்பது தெரிந்துவிடும். அந்தரத்தில், ஏற வழியே இல்லாத உயரத்தில் ஓர் அடுப்பின் வளைவு தொங்கினால் அது மேல்மாடி அறையின் கணப்பு. வெளிச்சுவரில் இரண்டு கற்கள் நீட்டிக்கொண்டு நின்றால், நேற்று மார்க்ஸ்புர்க்கில் பார்த்த அந்தக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாயில்களின் இருபுறமும் ஆழமான துளைகள் இருக்கும்; கதவின் குறுக்குமரம் நின்ற இடம் அது. ஒடுங்கிய நெட்டைத் துளை அம்புக்கு. அகன்ற வாய் துப்பாக்கிக்கோ பீரங்கிக்கோ. உயரமான மெல்லிய மதில் பழையது. தாழ்ந்து, தடித்து, மண் நிரப்பி நிற்பது பீரங்கி வந்த பிறகு எழுந்தது. ரைன்ஃபெல்ஸில் இரண்டும் அருகருகே நிற்பதால், ஐந்நூறு ஆண்டுப் போர்முறை மாற்றத்தைச் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம்.

சுவர் எப்படிச் செத்தது என்பதையும் படிக்கலாம். பெரும் பாளமாக உடைந்து சாய்ந்து கிடந்தால் வெடிமருந்தின் வேலை. மூலைக்கல், ஜன்னல் சட்டக்கல் போன்ற செதுக்கிய கற்கள் மட்டும் காணாமல்போய், உள்கூடு கரடாக நின்றால் அது கல்லெடுத்தவர்களின் வேலை. முதல் வகைக்கு ஓரிரு ஆண்டு ஆனது. இரண்டாவது வகை பல ஆண்டுகள் நடந்தது.

பெரிய நிலவறையைத் தவறவிடாதீர்கள். முற்றுகைக் காலத்துக்கான மதுவும் உணவும் சேமித்த இடம். கோட்டைக்கு அடியில் சுரங்க வழிகளும் உண்டு. எதிரி மேலே வந்ததும் வெடிவைப்பதற்காகத் தோண்டியவை. சில இடங்களில் தவழ வேண்டும். திறந்திருக்கும் பகுதிக்குள் மட்டும் போங்கள், கைவிளக்கோடு. கைபேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம். மூடிய இடத்தில் மூச்சுமுட்டுபவர்கள் மேலேயே நின்றுகொள்வது நல்லது.

6. மூன்றாவது: திரும்பக் கட்டிய கனவுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பத்துக்கு இடிபாடுகளின் மீது மோகம் பிறந்தது. இளவரசர் ஃபிரீட்ரிஷ் 1825 முதல் 1829 வரை ரைன்ஷ்டைனைக் கட்டி மற்றவர்களுக்கு வழிகாட்டினார். 1689இல் பிரெஞ்சுப் படை அழித்த ஷ்டோல்சன்ஃபெல்ஸை 1823இல் கோப்லென்ஸ் நகரம் பட்டத்து இளவரசருக்கே பரிசாகக் கொடுத்தது. இடிபாட்டைப் பராமரிப்பதைவிட அரசகுடும்பத்துக்குப் பரிசளிப்பது சிக்கனம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் ஷிங்கல் வகுத்த திட்டப்படி 1842இல் அது அரண்மனையாக எழுந்தது. 1845இல் விக்டோரியா மகாராணி விருந்தினராக வந்து போனார்.

இரண்டில் ஒன்று போதும். கோப்லென்ஸ் பக்கம் இருந்தால் ஷ்டோல்சன்ஃபெல்ஸ், பிங்கன் பக்கம் இருந்தால் ரைன்ஷ்டைன். மஞ்சள் பூச்சும் மெருகிட்ட மரத்தரையும் கண்ணைப் பறிக்கும். ஆனால் முந்தைய இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவர் உடனே கேட்பார்: ஞாயில்களின் (மதில் உச்சியின் பல்வரிசை) பின்னே வீரன் நிற்க இடம் எங்கே, இத்தனை பெரிய ஜன்னல்களை முற்றுகையில் எப்படிக் காப்பது? "பழைய கோட்டை" என்று இன்று நம் மனத்தில் எழும் உருவத்தை வரைந்தவர்கள் இந்த இளவரசர்கள்தாம்.

7. நேரமிருந்தால்: ஆற்று நடுவே ஒரு சுங்கச்சாவடி

கௌப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுப்பாறையில் ப்ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன். 1320களில் பவேரியாவின் நான்காம் லுட்விக் எழுப்பிய சுங்கக் கோபுரம். சுற்றுமதில் பின்னர் வந்தது. ஆற்றுக்கு எதிர்முகமாகக் கூர்ந்த அதன் முனை வெள்ளத்தோடு வரும் பனிக்கட்டிகளைப் பிளப்பதற்காக. 1860கள் வரை இங்கே சுங்கம் வசூலித்தார்கள். 1813ஆம் ஆண்டின் கடைசி இரவில் நெப்போலியனைத் துரத்திய பிரஷ்யத் தளபதி புளூஷரின் படை இந்த இடத்தில்தான் ரைனைக் கடக்கத் தொடங்கியது. கௌப்பிலிருந்து சிறு படகில் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். வெள்ளம் ஏறினால் படகு ஓடாது. கழிப்பறைத் தேவையைக் கரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

8. காவலில்லாத இடிபாடுகளும் மலைப்பாதையும்

வாயிலும் கட்டணமும் இல்லாத சிதிலங்களும் உண்டு. அவற்றை இணைத்து இரண்டு நடைபாதைகள் ஓடுகின்றன: வலதுகரையில் ரைன்ஷ்டைக், நீலப் பலகையில் வெள்ளை எழுத்து, இடதுகரையில் ரைன்புர்கன்வேக், சிவப்புப் பலகை. ஊர்களிலிருந்து ஏறிவரும் இணைப்புப் பாதைகளுக்கு மஞ்சள் குறி. ஒரு நாள் நடைக்கு காம்ப்-போர்ன்ஹோஃபனிலிருந்து ஏறி ஷ்டெரன்பெர்க், லீபன்ஷ்டைன் என்ற இரட்டைக் கோட்டைகளைப் பார்த்து வாருங்கள். பகைகொண்ட சகோதரர்கள் என்று அவற்றுக்குக் கதை உண்டு. நடுவே ஒரு சண்டைச் சுவரும் நிற்கிறது.

பாகராக்கில் ஷ்டால்எக் ஏறும் வழியில், கூரையும் கண்ணாடியும் இல்லாமல் வானத்தைச் சட்டமிட்டு நிற்கும் வெர்னர் தேவாலயத்தைப் படமெடுக்காதவர் இல்லை. அது எழுந்த கதை அழகானதல்ல. 1287இல் வெர்னர் என்ற சிறுவனின் சாவுக்கு யூதர்கள் மேல் பொய்ப்பழி சுமத்தி, ரைன் ஊர்களில் அவர்களைக் கொன்று குவித்தார்கள். அந்தச் சிறுவனைப் புனிதனாக்கி எழுப்பிய ஆலயம் இது. அந்த வழிபாட்டைத் திருச்சபை 1963இல்தான் நீக்கியது. அங்கே வைத்திருக்கும் பலகையை நின்று படியுங்கள்.

இத்தகைய இடங்களில் விதி எளிது. மதில்மேல் ஏறாதீர்கள், மழை பெய்த மறுநாள் பழைய சுண்ணச்சாந்து எப்போது விடும் என்று சொல்ல முடியாது. "லேபன்ஸ்கெஃபார்" என்று எழுதியிருந்தால் உயிராபத்து, "பிரிவாட்" என்றால் தனியார் இடம், திரும்பிவிடுங்கள். கல்லோ ஓடோ எடுத்துப் பையில் போடுவது சட்டப்படி குற்றம். கோடையில் புல்வெளி நடந்து வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112.

சாப்பாட்டுக்குக் கோட்டை உணவகத்தை மட்டும் நம்பாதீர்கள். விடுமுறை நாளில் அதுவும் மூடியிருக்கும். ரொட்டியும் பழமும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். சைவர்கள் ஃபிளாம்கூகன் (பீட்சா போன்ற மெல்லிய ரொட்டி) கேட்கும்போது "ஓனே ஷ்பெக்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் பன்றிக்கொழுப்போடு வரும். சிறு கடைகளில் அட்டை செல்லாமல் போகலாம். சில்லறை யூரோ வைத்திருங்கள்.

9. கடைசி நாள்: எல்ட்ஸ்

ரைனை விட்டு மோசல் நதிப் பக்கம் ஒரு நாள். கோப்லென்ஸில் ரயில் மாறி மோசல்கெர்னில் இறங்கி, ஓடைக்கரைக் காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால், ஒரு வளைவில் எல்ட்ஸ் கோட்டை திடீரென்று எதிரே நிற்கும். நடக்க முடியாதவர்கள் மலைமேல் கார் நிறுத்துமிடம் வரை வந்து சிற்றுந்தில் இறங்கலாம். ஆனால் அந்த வளைவின் தரிசனம் நடந்து வருபவர்களுக்கு மட்டும்தான்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் உடைமை. மூன்று கிளைகள் ஒரே பாறையில் தத்தம் வீடுகளை நெருக்கிக் கட்டிக்கொண்டதால்தான் இத்தனை கூரைகளும் கோபுரங்களும். 1331இல் ட்ரியர் பேராயர் பால்டுவின் எதிர்க்குன்றில் ஒரு முற்றுகைக் கோட்டை கட்டிக் கல்லெறிந்தே இவர்களைப் பணியவைத்தார். அந்தக் குன்றிலும் இன்று இடிபாடு இருக்கிறது; மரங்களுக்கு நடுவே தேடினால் தெரியும். பழைய 500 மார்க் நோட்டின் பின்புறத்தில் இருந்தது இந்தக் கோட்டைதான்.

நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை மூடியிருக்கும். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. கோடை வார இறுதிகளில் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வரிசை நீளும் என்பதால், திறக்கும் நேரத்துக்கே வந்து சேரும்படி முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். பஸ் சில பருவங்களில் சில நாட்களில் மட்டுமே ஓடுகிறது. திரும்பும் வழியையும் நடையாகவே கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.